உறைகடலின் ஓரத்திலே

வட அமெரிக்காவின் படத்தை ஒருமுறை விரித்து வைத்துக்கொள்ளுங்கள். கனடா நாட்டின் கிழக்குப் பகுதியில் கியூபெக் என்னும் பெரிய மாநிலம் தெரியும். அதன் தெற்கே மாண்ட்ரியல் முதலிய மாநகரங்கள். அங்கிருந்து விரலை மெல்ல வடக்கு நோக்கி நகர்த்துங்கள். வயல்கள் முடிந்து காடுகள் தொடங்கும். காடுகளும் போகப்போக மெலிந்து, மரங்கள் குட்டையாகி, ஓர் எல்லைக்கு அப்பால் மரம் என்பதே இல்லாமல் போகும். பாறையும் பாசியும் பனியுமே எஞ்சும். அந்நிலம் ஹட்சன் நீரிணையிலே முடிவடைகிற கரையில், மலைகள் சூழ்ந்த விரிகுடா ஒன்றின் ஓரமாக ஒரு சிற்றூர் அமைந்திருக்கிறது. கங்கிக்சுயுவாக் என்பது அதன் பெயர். நம் நாவுக்குச் சற்றுக் கடினமான பெயர்தான். 'பெரிய விரிகுடா' என்பது அதன் பொருளாம். வெள்ளையர் அதற்கு வேக்கம் விரிகுடா என்று பெயரிட்டிருந்தனர்.

2021 ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி அவ்வூரில் வாழ்வோர் 837 பேர். நம் பங்குகள் பலவற்றில் ஒரு தெருவில் அடங்கிவிடும் தொகை இது. அவ்வூரிலிருந்து வேறெந்த ஊருக்கும் சாலை கிடையாது. நூனவிக் என்று வழங்கும் அந்த வடபுலத்தில் இத்தகைய ஊர்கள் பதினான்கு உள்ளன. பதினான்கும் கடற்கரையையோ ஆற்று முகத்தையோ ஒட்டியே அமைந்தவை. ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்குப் போக வேண்டுமானால் சிறு விமானம் ஏற வேண்டும். இல்லையேல் கோடையில் படகிலும் குளிர்காலத்தில் பனியின் மேலும் செல்ல வேண்டும்.

அங்கு வாழும் மக்கள் இனுவிட் இனத்தவர். 'எஸ்கிமோக்கள்' என்று பள்ளிப் பாடநூல்களில் நாம் படித்தவர்கள் இவர்களே. அப்பெயரைப் பிறர் இட்டனர். அம்மக்கள் அதனை விரும்புவதில்லை. 'இனுவிட்' என்றால் அவர்கள் மொழியில் 'மக்கள்' என்று பொருள். நம்மவர்க்கு இவ்வூரோடு ஒரு மெல்லிய உறவும் உண்டு. 1847 இல் யாழ்ப்பாணம் வந்து, பள்ளிகளும் ஆலயங்களும் எழுப்பிய அமலமரித் தியாகிகள் சபையைத் தமிழ்க் கத்தோலிக்கர் நன்கு அறிவர். அதே சபையின் குருக்கள்தாம் கடந்த நூற்றாண்டின் முற்பகுதியில் இந்த உறைகடல் ஓரத்திலும் குடிலமைத்துத் தங்கினர். ஒரு சபையின் பிள்ளைகள் சிலர் பனைமரத்தடிக்கும், வேறு சிலர் மரமே இல்லாத பனிவெளிக்கும் அனுப்பப்பட்டனர்.

இவ்வூர் மக்களின் குளிர்கால வாழ்வையும், அவ்வாழ்வில் நாய் பெற்றிருந்த இடத்தையும், அந்த இடம் ஒருகாலத்தில் பறிபோன வரலாற்றையும் இத்திங்கள் காண்போம்.

குளிர்காலத்தில் ஒரு நாள்

டிசம்பர்த் திங்களின் பிற்பகுதியில் அவ்வூரில் பகல் ஐந்து மணி நேரத்துக்குச் சற்றே கூடுதலாக நீடிக்கும். கதிரவன் உச்சிக்கு ஏறுவதில்லை. தெற்கே மலை விளிம்பைத் தொட்டாற்போல் எழுந்து, செக்கர் நிறம் மாறாமலே சரிந்துவிடுவான். வெப்பமானி பூச்சியத்துக்குக் கீழே இருபத்தைந்து, முப்பது பாகை என்று நிற்கும். காற்று எழுந்தால் அக்குளிர் இருமடங்காய்த் தோன்றும். மூச்சு விட்டால் அது வெண்பஞ்சாகி மீசையிலும் தொப்பியின் மயிர் விளிம்பிலும் உறைந்து படியும். இரவிலே வானம் தெளிந்திருந்தால் பச்சை நிற ஒளித்திரை ஒன்று வானெங்கும் அலைந்தாடும். அதுவே வடதுருவ ஒளி.

இன்று அவ்வூரார் பனிக்கட்டி வீடுகளில் வாழ்வதில்லை. மின்விளக்கும் சூடேற்றும் கருவியும் உள்ள மரவீடுகளே அவர்களுக்கும் உரியவை. ஆனால் நிலத்தின் அடியில் ஆண்டு முழுவதும் மண் உறைந்தே கிடப்பதால் அங்கே குழாய் புதைக்க இயலாது. எனவே தண்ணீர் வண்டி வீடு வீடாக வந்து தொட்டியை நிரப்பிச் செல்லும். கழிவுநீரை எடுத்துப் போக வேறொரு வண்டி வரும். கோடையில் கடல் திறந்திருக்கும் சில திங்களில் கப்பல்கள் வந்து ஓராண்டுக்குரிய கனமான பொருள்களை இறக்கிவிட்டுப் போகும். மற்றவையெல்லாம் விமானத்தில் வர வேண்டும். ஆகையால் கடையிலே காய்கனியும் பாலும் எட்டாத விலைக்கு விற்கும். அம்மக்கள் பெரிதும் நம்பியிருப்பது அன்றும் இன்றும் வேட்டையையும் மீனையுமே.

வேட்டை என்றால் பொழுதுபோக்கன்று. காரிபு என்னும் பனிமான், ஏரிகளில் வாழும் சார் என்னும் மீன், வெண்ணிறத் திமிங்கிலம், சீல் ஆகியவையே அவர்களுக்குச் சோறும் கறியும். சீலைத் தமிழில் கடல்நாய் என்பதுண்டு. இக்கட்டுரையில் வேறு நாய்கள் ஓடுவதால் குழப்பம் வேண்டாமென்று சீல் என்றே எழுதுகிறேன். காரிபுத் தோலில் தைத்த இரட்டைச் சட்டை, சீல் தோலில் தைத்த காலணி ஆகியவற்றுக்கு ஈடான குளிர் உடையை எந்த ஆலையும் எளிதில் செய்துவிட முடியாது. தாய்மார் அணியும் மேற்சட்டையின் முதுகுப்புறம் பை போல் அகன்றிருக்கும். கைக்குழந்தை அதற்குள்ளே தாயின் முதுகோடு ஒட்டி, அவள் உடற்சூட்டிலேயே உறங்கும்.

கிம்மிக் என்னும் நாய்

இனுவிட் மொழியில் நாய்க்குக் கிம்மிக் என்று பெயர். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், இன்றைய இனுவிட் மக்களின் மூதாதையர் அலாஸ்காவிலிருந்து கிழக்கு நோக்கிப் பரவி வந்தபோது நாய்களும் அவர்களோடு வந்தன. அவர்களுக்கு முன்னரே இந்நிலத்தில் வாழ்ந்த மக்கள் வேறு. டோர்செட் மக்கள் என்று ஆய்வாளர் அவர்களை அழைப்பர். கங்கிக்சுயுவாக்குக்கு அருகிலுள்ள தீவு ஒன்றில், மென்மையான மாக்கல் பாறைமீது நூற்றுக்கும் மேற்பட்ட மனித முகங்களை அவர்கள் செதுக்கி வைத்துள்ளனர். அம்மக்கள் நாய் பூட்டிய வண்டியில் சென்றதற்குச் சான்று கிடைக்கவில்லை. அவர்கள் மறைந்தனர், நாயோடு வந்தவர்கள் நிலைத்தனர். அம்மறைவுக்குக் காரணங்கள் பலவாகலாம். எனினும் நாயிருந்தவன் தொலைவு சென்று வேட்டையாட முடிந்தது என்பது தெளிவு.

இந்நாய் பெரிய உருவம் உடையதன்று. ஆண் நாய் முப்பது முதல் நாற்பது கிலோ எடையிருக்கும். அகன்ற மார்பு, தடித்த கழுத்து, நிமிர்ந்த சிறு காது, முதுகின்மேல் சுருண்டு நிற்கும் வால். அதன் உடல்மயிர் இரு அடுக்காக அமைந்தது. உள்ளே நெருங்கிய கம்பளி. வெளியே நீண்டு பனியை உதறும் முரட்டு மயிர். எத்தகைய குளிரிலும் அது வெளியிலேயே உறங்கும். உடலை வளையமாகச் சுருட்டி, மூக்கை வாலால் மூடிப் படுத்துக்கொள்ளும். இரவில் பெய்யும் பனி அதன்மேல் மூடி, போர்வையாகவே ஆகிவிடும். காலையில் பார்ப்பவனுக்கு வெண்மேடுகள் மட்டுமே தெரியும். வீட்டுக்காரன் குரல் கேட்டதும் ஒவ்வொரு மேடும் உடைந்து, உள்ளேயிருந்து ஒரு நாய் எழுந்து உடலை உதறும்.

குரைப்பதைவிட ஊளையிடுவதே அதன் இயல்பு. ஒன்று தொடங்கினால் ஊரிலுள்ள நாய்கள் எல்லாம் சேர்ந்துகொள்ளும். அதன் உணவு சீல் இறைச்சியும் கொழுப்பும் மீனும். கல்லாய் உறைந்த இறைச்சியைக் கோடரியால் வெட்டித்தான் போட வேண்டும். நாள்தோறும் உணவு என்ற கட்டாயமும் இல்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் கிடைத்தாலும் அது சோர்வின்றி உழைக்கும். தாகத்துக்குப் பனியையே கடித்துக்கொள்ளும்.

ஒரு கூட்டத்துக்குள்ளே பதவிகளும் உண்டு. வண்டிக்கு முன்னே நெடுந்தூரம் ஓடி, எசமானின் குரலைக் கேட்டு வழி திருப்புவது முன்னோடி நாய். அதற்கு வேண்டியது அறிவு. கூட்டத்தில் சண்டை மூளாமல் அடக்கி வைப்பது தலைவன் நாய். அதற்கு வேண்டியது வலிமை. இவ்விரு பதவியும் ஒரே நாய்க்கு அமைய வேண்டும் என்பதில்லை. முன்னோடி பெண் நாயாகவும் இருக்கலாம். அறிவையும் அதிகாரத்தையும் பிரித்து வைத்துக் காரியம் நடத்துகிற இந்த முறையை நினைக்கையில் நமக்கே வியப்பாக உள்ளது.

குட்டிகளை வளர்ப்பதில் பெண்களுக்கும் பிள்ளைகளுக்குமே பெரும் பங்கு. கடுங்குளிரில் பிறந்த குட்டிகளை வீட்டு முகப்புக்குள் வைத்துக் காத்து, உணவூட்டி வளர்த்தவர்கள் பெண்கள். சற்றே வளர்ந்த குட்டிக்குச் சிறு கழுத்துவாரைப் பூட்டி, ஏதேனும் ஒரு சிறு சுமையை இழுக்கவிட்டு விளையாடுவது சிறுவர் வேலை. விளையாட்டாகத் தொடங்கியதே நாய்க்கும் சிறுவனுக்கும் ஒருசேரப் பயிற்சியாகிவிடும். தன் நாய்களைத் தானே நடத்தத் தெரிந்தவனே முழு ஆண்மகன் என்று அச்சமுதாயம் கருதிற்று.

ஆணியில்லாத வண்டி

அவர்களுடைய சறுக்குவண்டிக்குக் கமுத்திக் என்று பெயர். சக்கரம் கிடையாது. நீண்ட இரு சறுக்குச் சட்டங்கள். அவற்றின் குறுக்கே வரிசையாகப் பலகைகள். இப்பலகைகள் ஆணியால் அறையப்படுவதில்லை. தோல் வாராலோ கயிற்றாலோ இறுகக் கட்டப்படுகின்றன. காரணம் யாதெனில், மேடுபள்ளமான பனிக்கட்டியின்மேல் வண்டி ஏறி இறங்கும்போது ஆணி அடித்த வண்டி பிளந்து போகும். கயிற்றால் கட்டிய வண்டியோ பாம்பைப் போல் வளைந்து கொடுக்கும்.

சறுக்குச் சட்டத்தின் அடிப்புறத்தை வழவழப்பாக்க அவர்கள் கண்ட வழி நுட்பமானது. நாள்பட்ட பாசிமண்ணைத் தண்ணீரில் குழைத்து அடிச்சட்டத்தின்மேல் அப்புவர்; அது உறைந்ததும் செதுக்கிச் சமமாக்குவர். பிறகு வாயில் வெதுவெதுப்பான நீரை வைத்துக்கொண்டு, கரடித்தோல் துண்டு ஒன்றின் உதவியால் அதன்மேல் மெல்லிய பனிக்கட்டிப் பூச்சை ஏற்றுவர். அவ்வாறு செய்த வண்டி கண்ணாடிமேல் கண்ணாடி போல் வழுக்கிச் செல்லும். இந்நாளில் பிளாஸ்டிக் பட்டை அவ்வேலையைச் செய்துவிடுகிறது.

நாய்களைப் பூட்டும் முறையும் தனி. காடுள்ள நாடுகளில் மரங்களிடையே செல்ல வேண்டியிருப்பதால் நாய்களை இரண்டிரண்டாக ஒரே நேர்வரிசையில் கட்டுவர். மரமில்லாத இந்நாட்டில் ஒவ்வொரு நாய்க்கும் தனித்தனி வார். எல்லா வார்களும் வண்டியின் முன்னே ஒரு புள்ளியில் சேரும். நாய்களோ விசிறி விரித்தாற்போல் பரந்து ஓடும். முன்னோடியின் வார் எல்லாவற்றிலும் நீளமானது. இதனால் ஒவ்வொரு நாயும் தனக்கேற்ற வழியைத் தானே தேடிக்கொள்ளும். பனிக்கட்டி மெலிந்த இடத்தில் எல்லா எடையும் ஓரிடத்தில் விழாமல் பரவும். வெடிப்பு வந்தால் ஒவ்வொன்றும் தனித்தனியே தாண்டும். குறையும் ஒன்று உண்டு. நாய்கள் இடம் மாறி மாறி ஓடுவதால் வார்கள் பின்னலாய் முறுக்கிக்கொள்ளும். அடிக்கடி வண்டியை நிறுத்தி, அந்தக் கொடுங்குளிரில் கையுறையைக் கழற்றி, வெறும் விரல்களால் சிக்கலை எடுக்க வேண்டும்.

கடலுக்கு இறங்கும் வழி

ஊரிலிருந்து கடற்பரப்புக்கு இறங்குவதே முதல் சோதனை. அக்கரையில் ஏற்றவற்றம் மிகப் பெரிது. கடல் உறைந்து கிடந்தாலும் அதன் அடியில் நீர் நாள்தோறும் இருமுறை பல மீட்டர் உயர்ந்து தாழ்கிறது. நீர் ஏறும்போது மேலேயுள்ள பனிக்கட்டித் தளமும் ஏறும். வற்றும்போது தளமும் இறங்கும். கரையை ஒட்டிய பகுதியில் அத்தளம் ஓயாமல் முறிந்து முறிந்து, வீட்டுச் சுவர் போன்ற பாளங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து கிடக்கும். அதனூடே வழி கண்டு, வண்டியைத் தூக்கியும் தள்ளியும், நாய்களை அதட்டியும் அமைதிப்படுத்தியும் அப்பால் சென்றுவிட்டால் சமவெளி போன்ற கடல். பிறகு நாய்களின் மூச்சும் சறுக்குச் சட்டத்தின் ஓசையுமே கேட்கும்.

சீல் என்பது நீருள் வாழ்ந்தாலும் மூச்சுக்கு மேலே வர வேண்டிய உயிர். எனவே பனிக்கட்டியில் சிறு சிறு துளைகளைத் தன் நகங்களால் திறந்தே வைத்திருக்கும். அத்துளைகளைப் பனி மூடியிருப்பதால் மனிதன் கண்ணுக்குத் தெரியா. நாயின் மூக்குக்கோ தெரியும். அது மோப்பம் பிடித்து நின்ற இடத்தில் வேடன் ஈட்டியோடு அசையாமல் நிற்பான். மணிக்கணக்கில் நிற்க நேரும். கால் அசைந்தால் ஓசை கீழே கேட்டுவிடும். வெண்கரடி எதிர்ப்பட்டாலோ நாய்கள் அதைச் சூழ்ந்து நின்று நகரவிடாமல் மறிக்கும்.

பனிப்புயல் எழுந்தால் கண்ணெதிரே தன் கையும் தெரியாது. அப்போது அனுபவமுள்ள வேடன் நாய்களுக்குக் கட்டளை இடுவதை நிறுத்திவிடுவான். முன்னோடியின் போக்கில் விட்டால் அது வீடு கொண்டு சேர்க்கும் என்பது அவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கண்ட உண்மை. போகவே முடியாத புயலானால் பனியை அறுத்துக் கட்டிகளாக அடுக்கி, சிறு பனிவீடு ஒன்றை எழுப்பி உள்ளே தங்குவான். மாக்கல்லில் குடைந்த விளக்கில் சீல் எண்ணெய் ஊற்றி, பாசித்திரி இட்டு ஏற்றினால் அதுவே வெளிச்சமும் அடுப்பும் ஆகும். நாய்கள் வெளியே பனியில் புதைந்து புயல் ஓயக் காத்திருக்கும்.

அதே ஏற்றவற்றம் அவ்வூராருக்கு வேறொரு விருந்தையும் தருகிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் மிகுதியாய் வற்றும் நாள்களில், கரையோரப் பனிக்கட்டியில் துளை வெட்டி அதனுள் இறங்குவர். நீர் வற்றிப்போன கடலின் தரையில், தலைக்கு மேலே பனிக்கட்டிக் கூரை தொங்க, விளக்கொளியில் பாறைகளில் ஒட்டிய மட்டிகளைப் பறித்துக் கூடையில் போடுவர். அரைமணி நேரத்துக்குமேல் தங்கலாகாது; நீர் திரும்பிவிடும். ஆகவே ஒருவர் துளையருகே காவல் நின்று குரல் கொடுப்பார்.

வேட்டையில் கிடைத்தது தனி ஒருவனுக்குச் சொந்தமன்று. முதியோர், கைம்பெண்கள், வேட்டைக்குப் போக இயலாதோர் எல்லாருக்கும் பங்கு போகும். நூனவிக் ஊர்களில் இன்று ஊர்ப்பொதுக் குளிர்பதன அறை ஒன்று இருக்கும். வேடர்கள் கொண்டுவரும் இறைச்சியும் மீனும் அங்கே வைக்கப்படும். தேவைப்பட்டவர் எடுத்துச் செல்வர். விலை கிடையாது.

நாய்கள் மறைந்த காலம்

இனிச் சொல்ல வேண்டியது துயரமான பகுதி. பண்டு இம்மக்கள் ஓரூரில் நிலையாக வாழவில்லை. சில குடும்பங்கள் சேர்ந்து, சீல் கிடைக்கும் இடத்தில் குளிர்காலமும், மான் கடக்கும் இடத்தில் இலையுதிர்காலமுமாய்ப் பெயர்ந்து வாழ்ந்தனர். 1950 களிலிருந்து அவர்கள் வணிக நிலையங்களையும் மறைப்பணித் தளங்களையும் ஒட்டிய ஊர்களில் வந்து குடியேறலாயினர். பிள்ளைகள் பள்ளிக்குப் போக வேண்டும், நோயாளிக்கு மருத்துவம் வேண்டும், அரசின் உதவித்தொகை பெற வேண்டும் என்ற நிலை உண்டாயிற்று. குடும்பத்தோடு நாய்களும் வந்தன. ஐம்பது வீடுள்ள ஊரில் நூற்றுக்கணக்கான நாய்கள் திரிந்தன. நாய்கள் சிறுவரைக் கடித்துவிடும் என்றும், நரிகளிடமிருந்து வெறிநோய் தொற்றும் என்றும் அதிகாரிகள் அஞ்சினர். அவ்வச்சம் அடிப்படையற்றது என்று சொல்ல முடியாது.

ஆனால் அவர்கள் மேற்கொண்ட வழி கொடியது. நாய்களைக் கட்டி வைக்க வேண்டும் என்ற சட்டம், தெற்கே பண்ணைகள் உள்ள நாட்டில் ஆடுமாடுகளைக் காப்பதற்காக எழுதப்பட்டது. ஆடும் மாடும் இல்லாத நாட்டில் அதனைக் கொண்டுவந்து நடைமுறைப்படுத்தினர். அதை அம்மக்களின் மொழியில் விளக்கிச் சொன்னவர் அரிது. கட்டியே வைத்த நாய் வண்டி இழுக்க உதவாது என்பதை அறிந்த அதிகாரிகளும் அரிது. 1950 களின் நடுப்பகுதி முதல் 1960 களின் இறுதி வரை காவலர் வந்து அவிழ்ந்து திரிந்த நாய்களைச் சுட்டனர். பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்க, வளர்த்தவர்கள் வாய் திறவாது நிற்க, சுட்டனர். நோய்வாய்ப்பட்டு இறந்தவையும், பேண முடியாமல் சொந்தக்காரராலேயே கொல்லப்பட்டவையும் உண்டு.

நாயை இழந்தவன் எதை இழந்தான் என்று எண்ணிப் பாருங்கள். மீனவன் ஒருவனின் படகையும் வலையையும் ஒரே நாளில் எரித்துவிட்டால் எப்படியோ அப்படி. வேட்டைக்குப் போக வழியில்லை, பங்கிட இறைச்சியில்லை, மகனுக்குக் கற்றுக்கொடுக்கத் தொழிலில்லை. நேற்றுவரை ஊருக்கே உணவளித்தவன் இன்று உதவித்தொகைக்குக் கை நீட்டி நின்றான். அக்காலத்தில் வந்து சேர்ந்த பனி மோட்டார் வண்டியை வாங்கப் பலரிடம் பணமில்லை. வாங்கியவர்க்கோ எரிநெய்யும் உதிரிப்பாகமும் வேண்டியிருந்தன. மோட்டார் வண்டி விரைவானது. காலையில் சென்றவன் மாலையில் திரும்பிவிடலாம். அதன் நன்மையை இன்று மறுப்பார் இல்லை. ஆயினும் அதற்கு மெல்லிய பனிக்கட்டி தெரியாது. புயலில் வழி தெரியாது.

ஓர் ஊர் கேட்ட சொல்

இந்தத் துயரத்தை முதியோர் நெடுங்காலம் தங்களுக்குள்ளேயே வைத்திருந்தனர். பின்னர் அவர்களுடைய உரிமைகளுக்காகப் பாடுபடும் மகிவிக் என்னும் அமைப்பு முதியோரின் சாட்சியங்களைத் தொகுத்து நீதி கேட்டது. 2007 இல் ஓய்வுபெற்ற நீதிபதி சான்-சாக் குரோட்டோ விசாரணைக்கு அமர்த்தப்பட்டார். அவர் ஊர் ஊராகச் சென்று முதியோரின் வாக்குமூலங்களைக் கேட்டார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட நாய்கள் மாநிலக் காவலரால் கொல்லப்பட்டன என்றும், அவற்றை நம்பி வாழ்ந்த குடும்பங்களைப் பற்றி எவரும் எண்ணிப் பார்க்கவில்லை என்றும் 2010 இல் அறிக்கை தந்தார். 2011 ஆகஸ்டில் கியூபெக் மாநில அரசு தன் பங்குத் தவற்றை ஏற்று, முப்பது இலட்சம் டாலர் அளித்தது.

கனடா நடுவணரசின் சொல்லுக்கு மேலும் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. 2024 நவம்பர் 23 அன்று, நாம் இதுவரை கண்ட அதே கங்கிக்சுயுவாக் ஊரில் மக்கள் கூடியிருக்க, அரசின் சார்பில் அமைச்சர் ஒருவர் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டார். நாலரைக் கோடி டாலர் ஈட்டுத்தொகையும் அறிவிக்கப்பட்டது. மன்னிப்புக் கேட்ட அமைச்சரின் பெயர் கேரி ஆனந்தசங்கரி. ஆம், அவர் தமிழர். யாழ்ப்பாணத்தில் பிறந்து, 1983 இல் பத்து வயதுச் சிறுவனாக அகதியாய்க் கனடா சென்றவர். தன் நாட்டில் வாழ இடமின்றிப் புறப்பட்ட ஒரு குழந்தை, வளர்ந்து ஓர் அரசின் வாயாக நின்று, வாழ்விடத்திலேயே வாழ்வை இழந்தவர்களிடம் மன்னிப்புக் கேட்கும்படி நேர்ந்தது. வரலாறு சில வேளைகளில் இப்படியும் மனிதரைச் சந்திக்க வைக்கிறது.

அவர் கேட்ட மன்னிப்பு அவர் செய்த குற்றத்துக்காக அன்று. அந்நாய்கள் சுடப்பட்ட காலத்தில் அவர் பிறக்கவேயில்லை. தான் அமர்ந்த நாற்காலியின் குற்றத்தைத் தன்னுடையதாக ஏற்று அவர் பேசினார். இதற்கு ஈராண்டுகளுக்கு முன்னர், 2022 சூலை 29 அன்று, திருத்தந்தை பிரான்சிசு அதே இனுவிட் மக்களின் மற்றோர் ஊராகிய இக்காலுயிட்டுக்குச் சென்று, உறைவிடப் பள்ளிகளில் அவர்களுடைய பிள்ளைகளுக்கு நேர்ந்த தீமைகளுக்காக மன்னிப்புக் கேட்டதையும் நாம் மறந்துவிடக் கூடாது. நாம் செய்யவில்லையே என்று கைகழுவிவிடுவது எளிது. நம் குடும்பங்களிலும் பாகப்பிரிவினையில், வேலையாளுக்குத் தரவேண்டிய கூலியில், அப்பாவும் தாத்தாவும் விட்டுச் சென்ற பழைய கணக்குகள் சில இருக்கக் கூடும். சொத்து வந்த வழியே கடனும் வந்திருக்கிறது என்று ஏற்பவர் சிலரே.

ஈட்டுத்தொகையால் செத்த நாய்கள் எழுந்து வரா. அக்காலத்து வேடர்களில் பலர் அச்சொல்லைக் கேட்காமலே கல்லறைக்குப் போய்விட்டனர். இருந்தும் எஞ்சிய முதியோர் அதைக் கேட்க விரும்பினர். நடந்தது பொய்யன்று, தங்கள் நினைவு பிழையன்று என்பதை, செய்தவர் வாயாலேயே கேட்பது அவர்களுக்குத் தேவையாயிருந்தது.

மீண்டும் ஊளைக்குரல்

1970 களில் கலப்பில்லாத இனுவிட் நாய்கள் கனடா முழுவதிலும் சில நூறே எஞ்சியிருந்தன. இனம் அற்றுப்போகாமல் காக்க அன்பர் சிலர் அவற்றைத் தேடிச் சேர்த்து வளர்த்தனர். நூனவிக்கில் 2001 ஆம் ஆண்டு இவக்காக் என்னும் நாய்வண்டிப் பந்தயத்தை மகிவிக் அமைப்பு தொடங்கிற்று. குளிர்காலம் முடியுமுன், பகல் நீளத் தொடங்கும் நாள்களில் அது நடைபெறும். இனுவிட் நாய்களை மட்டுமே பூட்டி, ஊரிலிருந்து ஊருக்குப் பல நாள், நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் செல்வர். வண்டிகள் வந்து சேரும்போது ஊரே கரைக்குத் திரண்டு வரும். பந்தயத்தை முன்னிட்டே பல இளைஞர் நாய் வளர்க்கத் தொடங்கினர். வார் தைப்பது எப்படி, வண்டி கட்டுவது எப்படி, நாயை அழைக்கும் சொற்கள் எவை என்று தாத்தாவிடம் போய்க் கேட்கும் பேரர்கள் உண்டாயினர். எழுத்தில் இல்லாத அந்தப் படிப்பு, கேட்பார் இன்றி முதியோரோடு புதைந்து போகவிருந்த தறுவாயில் மீண்டது.

இப்போதும் அங்கே பெரும்பாலோர் மோட்டார் வண்டியில்தான் வேட்டைக்குப் போகின்றனர். நாய்க்கூட்டம் வைத்திருக்கும் குடும்பங்கள் சிலவே. அக்குடும்பத்து நாய்கள் ஊருக்குச் சற்று அப்பால், உறைந்த பரப்பின்மேல் சங்கிலியில் கட்டப்பட்டிருக்கும். குளிர்கால மாலையில் ஒருவன் இறைச்சியும் கோடரியும் ஏற்றிய வண்டியோடு அங்கே செல்வான். அவன் வருவதைத் தொலைவிலேயே உணர்ந்து முதல் நாய் தலைநிமிர்த்தும். பிறகு எல்லாம் சேர்ந்து ஊளையிடும். அறுபது எழுபது வயதைக் கடந்தவர்கள் வீட்டுக்குள்ளிருந்து அவ்வோசையைக் கேட்பர். இடையிலே பல ஆண்டுகள் அவ்வூர்களில் கேளாதிருந்த ஓசை அது.